சட்டைப்பையில் ஒரு கண்ணாஸ்பத்திரி

வண்ணார்பேட்டையில் எங்கள் பட்டறை இருந்த காலத்தில், அந்தத் தெருவில் யாரும் கண் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய அவசியம் வந்ததில்லை. ஆஸ்பத்திரி அண்ணாச்சியின் சட்டைப்பையில் இருந்தது. சுண்டுவிரல் நீளத்தில் ஒரு பிளாஸ்டிக் குப்பி, வெள்ளை மூடி. கண் சிவந்து எவனாவது எதிரே வந்துவிட்டால் போதும், "ஏலே, இங்கன வா, அண்ணாந்து பாரு" என்று தாடையைப் பிடித்துவிடுவார். அதற்கப்புறம் வந்தவனுக்குத் தன் கண்மேல் எந்த உரிமையும் கிடையாது. இரண்டு சொட்டு விழுந்த பிறகுதான் விடுதலை.

பட்டறை என்றால் கிரில் பட்டறை. ஜன்னல் கம்பி, வாசல் கேட், மாடிக் கைப்பிடி எல்லாம் செய்வோம். அண்ணாச்சி முதலாளி. நான் கம்பி பிடிக்கிறவன். அவர் பற்றவைக்கும்போது இரும்பு அசையாமல் பிடித்துக்கொண்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வதுதான் என் வேலை. இருபது வருடம் முகத்தைத் திருப்பிக்கொண்டே சம்பாதித்தேன். ஆட்களின் முகத்தைப் பார்த்துப் பேசுவது எனக்கு எப்போதுமே சிரமம் என்பதால் தொழில் எனக்கு நன்றாகவே ஒத்துவந்தது.

அண்ணாச்சி போய்ச்சேர்ந்து நாலு வருடம் ஆகிறது. நெஞ்சுவலி என்றார்கள். கண் கெட்டு யாரும் செத்ததில்லை. கண்ணுக்கு யாரும் பயப்படாததற்கும் அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

பட்டறையில் கருப்புக் கண்ணாடி பதித்த முகமூடி ஒன்று ஆணியில் தொங்கியது. மேலே நூலாம்படை படிந்து ஒரு பழைய சாமி படம்போல இருக்கும். நீளமாகப் பற்றவைக்கும்போது மட்டும் அண்ணாச்சி அதை எடுப்பார். இரும்பை முதலில் இடத்தில் நிறுத்திவைக்க அங்கங்கே சின்னச் சின்னதாகப் பொட்டு வைப்பது உண்டு. அதற்கெல்லாம் முகமூடி எடுப்பது அவருக்குக் கௌரவக் குறைச்சல். "ஒரு பொட்டு வைக்கதுக்கு எதுக்குலே திரையப் போட்டுக்கிட்டு" என்பார். ஒரு பொட்டுக்கு வேண்டாம்தான். ஆனால் ஒரு கேட்டுக்கு இருநூறு பொட்டு.

அந்த வெளிச்சம் கண்ணில் அடித்தால் உடனே ஒன்றும் தெரியாது. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்த பிறகுதான் கண்ணுக்குள் ஒரு கைப்பிடி ஆற்றுமணலை அள்ளிப் போட்டதுபோல் உறுத்த ஆரம்பிக்கும். காலையில் வீங்கிய கண்ணோடு பட்டறைக்கு வந்தால் அண்ணாச்சி குப்பியைத் திறந்துகொண்டு தயாராக நிற்பார். மத்தியானத்துக்குள் சிவப்பு போய்விடும். மறுநாள் வலியும் போய்விடும். அண்ணாச்சியின் புகழ் மட்டும் போகாமல் வளரும்.

வெளிச்சம் அடித்த கண் எப்படியும் இரண்டு நாளில் தானாகவே ஆறிவிடும் என்பதை நான் ரொம்பப் பின்னால்தான் தெரிந்துகொண்டேன். சேவல் கூவித்தான் விடிந்தது என்று சேவலுக்கு ஒரு நினைப்பு இருக்குமே, அதைப்போல இரண்டு நாளின் வேலைக்குக் குப்பி பெயர் வாங்கிக்கொண்டிருந்தது. சேவலை நம்பி நாங்களும் அண்ணாந்து நின்றோம்.

குப்பி வந்த கதையை அவரே ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார். ஒரு சமயம் அவருக்குக் கண் உள்ளுக்குள் வீங்கிச் சிவந்து, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் ஆகிவிட்டது. ஒரு டாக்டர் பார்த்துச் சீட்டு எழுதிக் கொடுத்தார். மருந்தை விட்டதும் கண் முத்துப்போல் ஆகிவிட்டது. மறுபடி வந்து காட்டச் சொன்னாராம். குணமானவன் எதற்குப் போய் டாக்டரின் நேரத்தைக் கெடுக்க வேண்டும் என்று அண்ணாச்சி போகவில்லை. பதிலாக, அந்தச் சீட்டைக் கொண்டுபோய் லேமினேஷன் போட்டுவிட்டார்.

ரேஷன் கார்டைக்கூட லேமினேஷன் போடாத மனிதர். குப்பி தீரும்போதெல்லாம் அந்த அட்டையை எடுத்துக்கொண்டு மருந்துக்கடைக்குப் போவார். டாக்டர் கையெழுத்து, அதுவும் இங்கிலீஷ். அண்ணாச்சிக்குப் படிக்கத் தெரியாது. எனக்குத் தமிழே எழுத்துக்கூட்டித்தான். கடையில் இருந்தவருக்குத் தெரியும். ஆனால் அட்டை பளபளவென்று இருந்ததால் மரியாதையாகப் பார்த்துவிட்டு ஒரு குப்பியை எடுத்துக் கொடுத்துவிடுவார். படித்தவர்கள் மரியாதை கொடுக்கும் இடத்தில் படிப்பது கிடையாது போலும்.

ஞாயிற்றுக்கிழமை பாளையங்கோட்டையில் ஆராதனை முடிந்ததும் சர்ச் வாசலில் அவருடைய இலவச வைத்தியம் நடக்கும். ஒரு வாரம் போதகருக்கே கண் சிவந்திருந்தது. அண்ணாச்சி விடுவாரா? வாசற்படியிலேயே அண்ணாக்கவைத்து இரண்டு சொட்டு விட்டார். மருந்து இறங்கட்டும் என்று போதகர் கண்ணை மூடி அப்படியே நின்றார். அவர் ஜெபம் செய்கிறார் என்று நினைத்து, வெளியே வந்துகொண்டிருந்த சனம் முழுவதும் தலைகுனிந்து கண்ணை மூடி நின்றுவிட்டது. கடைசியில் அண்ணாச்சியே சத்தமாக "ஆமென்" சொல்லிக் கூட்டத்தைக் கலைத்தார்.

ஊருக்கு விட்டது போக, தினமும் காலையில் டீ குடித்ததும் தன் கண் இரண்டுக்கும் ஆளுக்கொரு சொட்டு. சாயங்காலம் கடையடைக்கும்போது இன்னொரு தடவை. "நெருப்புல வேல பாக்குத கண்ணு. குளிர்ச்சி வேண்டாமாலே?" என்பார். எனக்கும் வாரத்தில் இரண்டு நாள் விழும். வேண்டாம் என்று சொல்ல வாயெடுக்கும் முன்பே தாடை அவர் கையில் இருக்கும்.

தன் கண்ணில் அவருக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல. கண்ணாடி போட்டவர்களைக் கண்டால் "மூக்குல சைக்கிள மாட்டிக்கிட்டு வாரான் பாரு" என்பார். கேட்டுக்கு ஆர்டர் கொடுக்க வந்த ஒரு வாத்தியாரிடம் இஞ்ச் டேப்பை நீட்டி, கண்ணாடியைக் கழற்றிவிட்டு அதில் உள்ள சின்னக் கோட்டைப் படியும் என்று சொல்லி அவரை விரட்டியே விட்டார். டேப்பை அவர் படித்தால் ஒரு நூல், அதாவது இஞ்சில் எட்டில் ஒரு பங்கு, பிசகாது. இரும்புக் குழாய் நேராக இருக்கிறதா என்று பார்க்க அதைக் கண்ணருகே துப்பாக்கிபோலத் தூக்கிப் பிடிப்பார். இடது கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு வலது கண்ணால் குறிபார்ப்பார். "நடுவுல ஒரு நூல் வளைஞ்சிருக்கு" என்றால் வளைந்துதான் இருக்கும். எங்கள் தொழிலில் எல்லோரும் அப்படித்தான் பார்ப்போம். இடது கண்ணுக்கு எந்தப் பட்டறையிலும் வேலை கிடையாது.

அறுவடை சமயத்தில் ஒருநாள், சேரன்மகாதேவி பாதையில் உள்ள ஒரு கிராமத்திலிருந்து நெல் விவசாயம் பார்க்கும் ஒரு சம்சாரி டிராக்டர் பெட்டிக் கதவைப் பற்றவைக்க வந்தார். நெல் தூற்றும்போது உமி தெறித்து வலது கண் சிவந்து நீர் வடிந்துகொண்டிருந்தது. டிராக்டர் கதவு அப்புறம், முதலில் கண் என்று அண்ணாச்சி தாடையைப் பிடித்தார். இரண்டு சொட்டு விட்டதோடு, பாதி இருந்த குப்பியையும் கையில் கொடுத்து வேளைக்கு இரண்டாக விடச் சொன்னார். மூன்றாம் நாள் அந்தச் சம்சாரி போனில் கூப்பிட்டுச் சிவப்பே இல்லை என்று கும்பிடாத குறையாகப் பேசினார். அண்ணாச்சி அந்த போன் பேச்சை ஒரு வாரம் தெருவுக்கே ஒப்பித்தார்.

அதன்பின் அந்தக் கண்ணின் கருவிழியில் அரிசிபோல ஒரு வெள்ளை விழுந்தது. அது பெருகியது. ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் வைத்துப் பார்த்தும் கண் நிற்கவில்லை. செய்தி பட்டறைக்கு வந்த அன்று அண்ணாச்சி சட்டைப்பையிலிருந்து குப்பியை எடுத்து ஒருதரம் பார்த்தார். பிறகு, "என் மருந்து கேட்டுருச்சு. இவருதான் வெயில்லயும் தூசியிலயும் அலைஞ்சு கெடுத்துக்கிட்டாரு" என்று தீர்ப்புச் சொன்னார். அவர் தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது. கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அதற்கடுத்த வருடங்களில் பட்டறையில் உள்ள சாமான்களுக்கெல்லாம் ஒரு கெட்ட குணம் வந்தது. அண்ணாச்சியின் இடது பக்கத்தில் போய் நின்றுகொள்ளும். சாத்திவைத்த கேட் அவர் தோளில் இடிக்கும். ஸ்டூல் அவர் முழங்காலைத் தேடி வரும். "எவம்லே இத இங்கன கொண்டு வச்சான்?" என்று கேட்பார். காலையில் அவரே வைத்ததாக இருக்கும். ரோட்டைக் கடக்கும்போது பைக்குகள் சத்தமில்லாமல் வர ஆரம்பித்தன. ஆட்கள் இடது பக்கம் நின்று கையை நீட்டினால் அவர் கண்டுகொள்ளாமல் போவார். முதலாளிக்குத் தலைக்கனம் கூடிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். அது முன்பே முழுசாக இருந்ததால் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

ஒருநாள் அவர் வீட்டம்மா பட்டறைக்குச் சாப்பாடு கொண்டுவந்தபோது என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நான் அவரை மதினி என்று கூப்பிடுவேன்.

"தம்பி, காப்பி டம்ளர மேசைக்கு வெளிய அந்தரத்துல வைக்காரு. கேட்டா நான்தான் மேசைய நவுத்திட்டேன்னு சத்தம் போடுதாரு. பட்டறையில எப்படி இருக்காரு?"

"நல்லாத்தான் இருக்காரு மதினி" என்றேன்.

எனக்குத் தெரிந்திருந்தது. ஆனால் அண்ணாச்சியிடம் போய், உமக்குக் கண் சரியில்லை என்று யார் சொல்வது? மீன்காரியிடம் மீன் நாறுகிறது என்று சொல்ல ஒரு தைரியம் வேண்டும். எனக்கு மீன் விலை கேட்கவே தைரியம் கிடையாது.

பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் இலவசக் கண் முகாம் நடந்தபோது அண்ணாச்சி போனார். நோயாளியாக அல்ல, மேற்பார்வை பார்க்க. வரிசையில் நின்றவர்களுக்கு யோசனை சொல்லிக்கொண்டே போய், அட்டையில் இருந்த எண்களைக் கடைசி வரி வரை கடகடவென்று சொல்லிவிட்டார். ஒரு கண்ணைப் பொத்தியும் சொன்னார். மற்றதைப் பொத்தியும் சொன்னார். அங்கிருந்த பெண், கண்ணுக்குள் அழுத்தம் பார்க்க வேண்டும், உள்ளே வந்து உட்காருங்கள் ஐயா என்று கூப்பிட்டிருக்கிறது. "அது வயசானவனுக்கு" என்று சொல்லிவிட்டு வெற்றியோடு திரும்பிவந்தார். கண் அழுத்தம் ஏறும் நோய் ஓரத்திலிருந்துதான் தின்றுகொண்டு வரும், நடுப்பார்வையைக் கடைசியில்தான் தொடும், அதுவரை அட்டையைப் படித்துக் கைதட்டு வாங்கலாம் என்பது எங்களுக்குத் தெரியாது.

இரண்டு வருடம் கழித்து மகாராஜநகரில் ஒரு புது வீடு. முதல் மாடியில் தளம் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும், சுவர் கிடையாது. அதற்குக் கைப்பிடி போடத்தான் எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். கைப்பிடி இல்லாத இடத்தில் நின்றுகொண்டு கைப்பிடிக்கு அளவெடுப்பதுதான் எங்கள் தொழிலின் அழகு. டேப்பின் ஒரு முனையை நான் பிடித்துக்கொண்டேன். அவர் மற்ற முனையை இழுத்துக்கொண்டு இடது பக்கமாகப் பைய நகர்ந்தார்.

"பதினோரு அடி நாலு இஞ்சு, ரெண்டு நூலு" என்று படித்தார். சரியாகத்தான் படித்தார். அவருடைய இடது கால் பாதி தளத்திலும் பாதி காற்றிலும் இருந்தது. இன்னொரு நூல் நகரத் தயாராக இருந்தது.

டேப்பை விட்டுவிட்டு ஓடிப்போய் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். இரண்டு பேரும் சிமெண்ட் மூட்டைமேல் விழுந்தோம்.

"ஏலே, சட்டையக் கிழிச்சிட்டியே" என்றார்.

"கால் வெளிய இருந்துச்சு அண்ணாச்சி."

"எங்க வெளிய? அங்கன தளம் இருக்குல்லா" என்று சொல்லித் தலையை முழுசாகத் திருப்பிப் பார்த்தார். தளம் இல்லை. கீழே செங்கல் குவியல் இருந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எந்தக் கொத்தன்லே தளத்தக் குறைச்சுக் கட்டுனான்?" என்றார்.

எழுந்து, போன மரியாதையை மீட்க ஒரு குழாயைத் தூக்கிக் குறிபார்த்தார். "இந்தா பாரு, நடுவுல வளைஞ்சிருக்கு. இந்தக் கண்ணுக்கு என்னலே கேடு?"

அவர் சட்டையில் கிழிந்த துணி என் கையில் இருந்தது. அந்தப் பயத்தில்தான் எனக்கு வாய் வந்திருக்க வேண்டும்.

"மத்தக் கண்ணால பாருங்க அண்ணாச்சி."

"எல்லாம் ஒரே கண்ணுதாம்லே."

"ஒரு தடவ பாருங்க."

எனக்காக இல்லாமல், என்னை மட்டம் தட்டுவதற்காக வலது கண்ணை மூடிக்கொண்டார். குழாய் முகத்துக்கு நேரே இருந்தது. அப்படியே நின்றார். கீழே கொத்தனார்கள் சாந்து குழைக்கும் சத்தம் கேட்டது.

"பைப்ப எங்கலே வச்ச?" என்றார்.

"உங்க கையிலதான் இருக்கு அண்ணாச்சி."

மறுநாள் மதினியும் நானும் அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். நெற்றியை ஒரு மெஷினில் வைக்கச் சொல்லி அழுத்தம் பார்த்தார்கள். வெள்ளைக் கிண்ணம்போல் இருந்த ஒன்றுக்குள் முகத்தை வைத்து, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். இடது கண்ணுக்கு அண்ணாச்சி ஒருமுறைகூட அமுக்கவில்லை. மெஷின் ரிப்பேர் என்றார். வலது கண்ணுக்கு அதே மெஷின் நடுவில் மட்டும் வேலை செய்தது.

டாக்டரம்மாவுக்கு அவர் மகள் வயசு இருக்கும். என்ன மருந்து விடுகிறீர்கள் என்று கேட்டார். அண்ணாச்சி குப்பியையும் லேமினேஷன் அட்டையையும் சான்றிதழ் நீட்டுவதுபோல நீட்டினார். டாக்டரம்மா அட்டையை இரண்டு தடவை படித்தார்.

"இதுல என்ன எழுதியிருக்குன்னு தெரியுமாய்யா?"

"மருந்து பேரு."

"ஒரு நாளைக்கு நாலு தடவை, ஏழு நாள் மட்டும். அப்புறம் வந்து காட்டணும். நீங்க எவ்வளவு நாளா விடறீங்க?"

"பதினோரு வருசமா" என்றார் மதினி.

டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் அண்ணாச்சிக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். கண்ணுக்குள் எப்போதும் ஒரு தண்ணீர் ஊறும், ஊறிய அளவுக்கு வடியும் என்று பொறுமையாகச் சொன்னார். இந்த மருந்தை டாக்டர் சொன்ன நாளுக்கு விட்டால் நல்ல மருந்து. டாக்டர் மேற்பார்வை இல்லாமல் விட்டுக்கொண்டே இருந்தால் சிலருக்கு வடிகால் அடைத்துக்கொள்ளும். ஆற்றுப் பாசனத்து ஆட்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. வடிகால் அடைத்த வயலில் பயிர் அழுகுவதுபோல, பின்னால் இருக்கும் நரம்பு கெட்டுப்போகும். வலிக்காது. சிவக்காது. ஒரு கண் போவதை இன்னொரு கண் மறைத்துவிடும். உமியோ இலையோ குத்திய கண்ணில் பூஞ்சை பிடிக்கும் என்றும், அதில் இந்த மருந்தை விட்டால் சிவப்பை மறைத்துவிட்டு உள்ளே அதை வளர்க்கும் என்றும் சொன்னார். அதை அவர் பொதுவாகத்தான் சொன்னார். அண்ணாச்சி என்னைப் பார்த்தார்.

"போன பார்வை?" என்று மதினி கேட்டார்.

"போனது வராதும்மா. இருக்கிறதக் காப்பாத்தலாம். அதுக்கு வேற மருந்து, ஆயுசுக்கும் ஒரு நாள் தவறாம விடணும். நாங்க சொல்ற தேதிக்கு வந்து அழுத்தம் பாக்கணும்." பிறகு பேனாவை எடுத்தவர் நிறுத்தினார். "இத வேற யாருக்காவது குடுத்தீங்களா?"

அண்ணாச்சி மின்விசிறியைப் பார்த்தார். மதினி தரையைப் பார்த்தார். பதில் சொல்ல நான்தான் மிச்சம்.

"எல்லாருக்கும்" என்றேன்.

அடுத்த ஒரு மாதம் சனிக்கிழமைதோறும் அண்ணாச்சி ஊர் சுற்றினார். அவருடைய இடது பக்கம் நான். தான் சொட்டு விட்ட ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய்க் கண் அழுத்தம் பார்க்கச் சொன்னார். காரணம் மட்டும் தன் இஷ்டத்துக்குச் சொன்னார். மருந்துக் கம்பெனிக்காரன் சரக்கை மாற்றிவிட்டானாம். பழைய மருந்து தங்கம், புதிதாக வந்ததில்தான் கோளாறாம். வாரம் இரண்டு நாள் அண்ணாந்த எனக்கு ஒன்றும் ஆகவில்லை. போதகருக்கும் ஒன்றுமில்லை. எதிர்க் கடை டீ மாஸ்டருக்கு அழுத்தம் ஏறியிருந்தது, நல்லவேளை நேரத்தில் பிடித்துவிட்டார்கள். அண்ணாச்சி அதற்கும் பெருமைப்பட்டார். தான் சொல்லியிராவிட்டால் அவன் கதி என்ன என்று கேட்டார்.

சேரன்மகாதேவி பாதைச் சம்சாரியைக் கடைசியாக வைத்திருந்தார். ஒவ்வொரு வாரமும் அடுத்த வாரம் என்பார். நாங்கள் போனபோது அவர் வீட்டு முன்னால் உட்கார்ந்து மருந்தடிக்கும் ஸ்பிரேயரைக் கழற்றிப் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். வலது கண் இருந்த இடம் மூடிக் கிடந்தது. அண்ணாச்சியைப் பார்த்ததும் எழுந்து நின்று, உள்ளே இருந்த மனைவியைக் கூப்பிட்டு, "ஏளா, யாரு வந்திருக்கான்னு பாரு. நம்ம கண்ணக் காப்பாத்துன அண்ணாச்சி" என்றார்.

அண்ணாச்சி உட்காரவில்லை.

"நீங்க மட்டும் அன்னைக்கு அந்த மருந்தக் குடுக்கலன்னா விஷம் மத்தக் கண்ணுக்கும்லா ஏறியிருக்கும்" என்றார் சம்சாரி. "இந்தக் கண்ணாவது நிக்கின்னா அது உங்க புண்ணியம். இன்னும் ஒரு நாளும் விடாம விட்டுக்கிட்டுதான் இருக்கேன்." மடியிலிருந்து ஒரு குப்பியை எடுத்துக் காட்டினார். அதே குப்பி. அதே வெள்ளை மூடி. பழைய குப்பியைக் காட்டிக் காட்டி மருந்துக்கடையில் வாங்கிக்கொண்டிருந்திருக்கிறார். அத்தனை வருடமும், மிச்சமிருந்த ஒரே கண்ணில்.

அண்ணாச்சி அந்தக் குப்பியை அவர் கையிலிருந்து வாங்கினார்.

"கம்பெனிக்காரன்..." என்று ஆரம்பித்தார். நிறுத்திவிட்டார். "இதுதான்வே உம்ம கண்ண எடுத்துச்சு. நான் குடுத்ததுதான். உமி பட்ட கண்ணுல இத விடக்கூடாதாம். என் கண்ணையும் இதுதான் தின்னுருக்கு. இனி ஒரு சொட்டு விடாதீரும்."

சம்சாரி ஸ்பிரேயர் குழலைக் கையில் பிடித்தபடி நின்றார். சோடா பாட்டில்களோடு வெளியே வந்த அவர் வீட்டம்மா வாசலிலேயே நின்றுவிட்டார். சம்சாரி குழலைக் கீழே வைத்தார்.

"ஆஸ்பத்திரியில கேட்டாங்க அண்ணாச்சி. எதாவது மருந்து விட்டியான்னு. இல்லன்னு சொல்லிட்டேன். உங்க பேரு கெட்டுறக்கூடாதுல்லா."

அண்ணாச்சி குப்பியைச் சட்டைப்பையில் போடப்போய், கையை இறக்கிக்கொண்டார். அப்படி அவரை நான் பார்த்ததில்லை.

"போட்டும்" என்றார் சம்சாரி. "தெரிஞ்சா குடுத்திய? உங்களுக்கும் தெரியாதுல்லா."

"தெரியாதுன்னு நான் என்னைக்காவது சொல்லியிருக்கேனாவே?" என்றார் அண்ணாச்சி.

அந்த அம்மா சோடா பாட்டில்களைக் கீழே வைத்துவிட்டு நேராக என்னிடம் வந்து, இருக்கிற கண்ணைக் காட்ட எப்போது போகவேண்டும் என்று கேட்டார். இன்றைக்கே போகலாம், நான் கூட்டிப்போகிறேன் என்றேன். அந்த அம்மா உள்ளே போய்க் கணவருடைய வெள்ளைச் சட்டையை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தார். அவரும் மறுக்காமல் மாட்டிக்கொண்டார்.

பஸ் வந்ததும் நான்தான் கையைக் காட்டி நிறுத்தினேன். அண்ணாச்சியும் சம்சாரியும் ஒரு சீட்டில் ஒட்டி உட்கார்ந்தார்கள். நான் பின்னால் நின்றுகொண்டேன். எண்ணிப் பார்த்தேன். அண்ணாச்சியின் அரைக் கண்ணையும் சேர்த்து மூன்று பேருக்கும் மூன்றரைக் கண் இருந்தது. அதில் ஒன்றுக்காகப் போய்க்கொண்டிருந்தோம்.